‘முழு மனதுடன்’ என்பதற்கு ஆதாரம்

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு இரும்பு பீரோ. அவ்வளவுதான் மேற்படியாரின் ராஜ்ஜியம். இருபத்தெட்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறார். படிக்கட்டில் யாராவது தடதடவென்று இறங்கினால் அவர் தலையில் சுண்ணாம்புத் தூள் கொட்டும். அதைத் தட்டிவிட்டுக்கொண்டே, “மேற்படி சொத்தின் நான்கு எல்லைகளாவன” என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைக் கூப்பிட ஆள்தான் இல்லை. வீட்டில்கூட “மேற்படி குடையை எங்கே வச்சே?” என்று மனைவியிடம் கேட்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? வம்பு பேசுவதில் மன்னர். “மேற்படி ஆள் மேற்படி வீட்டுக்கு மேற்படி நேரத்துல போனதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்” என்று அவர் ஆரம்பித்தால், டீக்கடையில் பாதிக் கிளாஸ் டீ ஆறிப்போகும். அந்தத் தெருவில் மேற்படி என்ற வார்த்தைக்கே ஒரு மாதிரியான அர்த்தம் வந்துவிட்டது. அந்தப் புண்ணியம் அவரையே சேரும்.

மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோதுதான் அந்த வார்த்தை அவர் காலையே வாரியது. விண்ணப்பத்தில் அம்மாவின் படிப்பு என்ற இடத்தில் ‘பன்னிரண்டாம் வகுப்பு’ என்று எழுதினார். அதற்குக் கீழே அப்பாவின் படிப்பு. கை தன் பாட்டுக்கு ‘மேற்படி’ என்று எழுதிவிட்டது. கவுண்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டினார். அவர் இன்னொருவரிடம் காட்டினார். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்த வருஷம், ஐம்பத்தோராவது வயதில், அதே கல்லூரியின் மாலை வகுப்பில் இலக்கியம் படிக்கச் சேர்ந்தார் மேற்படியார்.

“எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சொல்லுவாங்க” என்றாள் மனைவி. “நீங்க ரெண்டையும் ஒரே ஆளா கெடுக்கலாம்னு கிளம்பிட்டீங்க.”

மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “காலேஜ்ல என்னைப் பார்த்தா தெரியாத மாதிரி போயிடணும்ப்பா.”

முதல் வருஷத்தில் ‘இலக்கிய ஆராய்ச்சியும் கட்டுரை எழுதும் முறையும்’ என்று ஒரு பாடம். அதை எடுத்த மேடத்துக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். ஒல்லியான உருவம், தோளில் எப்போதும் ஒரு துணிப்பை, குரல் மட்டும் மணி மாதிரி. முதல் நாள் பலகையில் மூன்று கேள்விகளை எழுதினார். யார் சொன்னது? எங்கே சொன்னது? உனக்கு எப்படித் தெரியும்?

மேற்படியாருக்குக் குஷி தாங்கவில்லை. கையைத் தூக்கினார்.

“இதைத்தான் மேடம் எங்க தெரு டீக்கடையில தினமும் கேக்குறாங்க. ஊர்வம்புக்கும் ஆராய்ச்சிக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?”

“அடிக்குறிப்பு, சார்” என்றார் மேடம்.

வகுப்பே சிரித்தது. அவரும்தான் சிரித்தார். ஆனால் ‘சரியான ஆள்கிட்ட மாட்டிக்கிட்டோம்’ என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

முதல் கட்டுரைக்கு மழையைப் பற்றிய ஒரு கவிதையைக் கொடுத்தார்கள். பன்னிரண்டே வரி. மேற்படியார் மூன்று பக்கம் எழுதினார். இருபத்தெட்டு வருஷத்துக் கை சும்மா இருக்குமா? “மேற்படி கவிதையானது மேலே தலைப்புக்கும், கீழே பக்க எண்ணுக்கும், இருபுறமும் வெற்றிடத்துக்கும் உட்பட்டதாகும்” என்று தொடங்கி, “மேற்படி கவிஞர் நல்ல சுயநினைவுடனும், முழு மனதுடனும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றியும் இதனை எழுதிவைத்தார்” என்று முடித்தார்.

தாள் திரும்பி வந்தபோது முதல் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சிரிப்புப் பொம்மை இருந்தது. கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டு, ‘முழு மனதுடன் என்று எப்படித் தெரியும்? ஆதாரம்?’ என்று எழுதியிருந்தது.

வகுப்பு முடிந்ததும் மேசைக்குப் போய் நின்றார். “மேடம், இது சும்மா ஒரு வழக்கத்துல வர்ற வரி. எல்லாப் பத்திரத்துலயும் இருக்கும். நானே ஒரு முப்பதாயிரம் தடவை எழுதியிருப்பேன்.”

“முப்பதாயிரம் பேரோட மனசையும் பார்த்தீங்களா சார்?”

“மனசை எங்க மேடம் பார்க்குறது? ஆளைப் பார்ப்பேன், அடையாள அட்டையைப் பார்ப்பேன், ‘சம்மதமா’ன்னு கேப்பேன். எழுதிடுவேன்.”

“கேக்குறீங்கள்ல, அது ஒரு ஆதாரம். கவிஞரைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லைதான். தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டார்.

பாதி வருஷம் போனதும் பெரிய கட்டுரை வந்தது. புத்தகத்தில் இல்லாத, இதுவரை யாரும் உட்கார்ந்து படித்துப் பார்க்காத ஒரு பிரதியை அவரவரே தேடிக்கொண்டு வர வேண்டும். பழைய கடிதமோ, நோட்டீஸோ, எதுவானாலும் சரி. அதை ஓர் இலக்கியத்தைப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்து ஆராய வேண்டும். பாஸா ஃபெயிலா என்பது இந்தக் கட்டுரையில்தான் இருந்தது.

மற்றவர்கள் எங்கே போவது என்று முழித்தார்கள். மேற்படியாருக்கு என்ன கவலை? பீரோ நிறையப் பிரதி. ஆனால் எதை எடுத்தாலும் அடுத்தவர் வீட்டு விவகாரம். நாளைக்கு ஒருவன் சட்டையைப் பிடித்தால்? யோசித்து யோசித்து, பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன் எழுதியது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. எழுத்தெல்லாம் முத்து முத்தாக. அவர் எழுதியதிலேயே அழகான பத்திரம் அதுதான். வீட்டுச் சரக்கு, எந்தப் பயலும் கேள்வி கேட்க மாட்டான்.

அது அவருடைய அக்கா எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம். அம்மா இறந்த பிறகு, அம்மாவின் இரண்டு அறை வீட்டில் தனக்குள்ள பாகத்தை விட்டுத் தம்பிக்கே கொடுத்துவிடுவதாக அக்கா எழுதிக்கொடுத்தது. எழுதிக்கொடுத்தவர் அக்கா, எழுதிக்கொண்டவர் தம்பி, உட்கார்ந்து எழுதியவரும் தம்பி.

பெயர்கள் இருந்த இடத்திலெல்லாம் வெள்ளைத்தாளைக் கீற்றாக வெட்டி வைத்து மறைத்து, நகல் எடுத்துக்கொண்டு போனார்.

மேடத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. “இதை எல்லாரும் சேர்ந்தே படிக்கலாமே” என்று சொல்லிவிட்டார். மேற்படியார் வேண்டாம் என்று சொல்வதற்குள் இருபது நகல் வந்துவிட்டது. அவருக்கு உள்ளூரப் பெருமைதான். தன் எழுத்து வகுப்பில் பாடமாகிறதே.

“நான் நான்னு வருதே, இந்த ‘நான்’ யாரு?” என்று கேட்டார் மேடம்.

“அக்கா” என்றது வகுப்பு.

“எழுதினது யாரு?”

“கடைசியில ‘எழுதியவர்’னு இருக்கு மேடம், பேரை மறைச்சிருக்கு” என்றாள் முன் பெஞ்சுப் பெண். பகலில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர் கிறுக்கலையே படிக்கிறவளுக்கு எந்தக் கையெழுத்தும் தப்பாது. “ஆனா மறைச்ச தாளு ரெண்டு இடத்துலயும் ஒரே நீளம். வாங்கிக்கிற தம்பியும் எழுதினவரும் ஒரே ஆளுதான் போல.”

மேற்படியார் தன் கையிலிருந்த நகலை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

“அப்படின்னா அக்கா மாதிரி பேசுறது தம்பி” என்றார் மேடம். “கதையில ஆசிரியர் வேற, கதை சொல்றவர் வேறன்னு படிச்சோம்ல? இங்க பாருங்க. சரி, வேற என்ன தெரியுது?”

“பாவம் மேடம் அந்த அக்கா” என்றாள் மருந்துக்கடைப் பெண்.

“பாவம்னு எப்படிச் சொல்ற? ஆதாரம்?”

“ஏழு தடவை ‘நான்’ வருது மேடம். ஒரு தடவைகூட ஏன் விட்டுக்கொடுக்கறேன்னு காரணம் வரல. நமக்கு ஒரு பொருள் வேணாம்னா ஏன் வேணாம்னு நாலு வார்த்தை பேசுவோமா இல்லையா? இவங்க பேசவே இல்ல. ‘முழு மனதுடன்’னு மட்டும் இருக்கு. எழுதினவன் கைகாரன் மேடம்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேற்படியார் கீழே விழாத பேனாவைக் குனிந்து தேடினார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

“சார்” என்றார் மேடம், “அந்த அக்கா இப்ப இருக்காங்களா? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“தெரிஞ்சவங்கதான் மேடம்.”

“அப்ப போய்க் கேட்டுடுங்க. அதுதான் முதல் ஆதாரம். நம்ம பாடத்துல இருக்கிறவங்க முக்காவாசி செத்துப்போனவங்க, கேக்க முடியாது. உங்களுக்கு அதிர்ஷ்டம்.”

அதிர்ஷ்டமாம்.

அக்கா அதே ஊரில்தான் இருந்தாள். பஸ் ஏறினால் அரை மணி. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலை. சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒரு சாபம் கிடையாது. கல்யாணம் காட்சிகளில் பார்ப்பாள், மகளைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டுவாள். மேற்படியாரின் மனைவியிடம், “உங்க வீட்டுக்காரரு சாப்பிட்டாரா?” என்று கேட்பாள். உங்க வீட்டுக்காரர்! தூக்கி வளர்த்த தம்பி அவர். பத்திரம் பதிவான நாளிலிருந்து தம்பி என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. “அக்காவுக்கு வேலை அதிகம், அதான் வீட்டுப் பக்கம் வர முடியல” என்று மேற்படியாரே ஊருக்குச் சொல்லி, சொல்லிச் சொல்லித் தானும் நம்பிவிட்டார். ஊரார் வீட்டு ரகசியமெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த மனிதருக்குத் தன் வீட்டுச் சங்கதி மட்டும் தெரியாமல் போயிற்று.

கட்டுரையை வேறு எப்படியாவது ஒப்பேற்றலாமா என்று மூன்று வாரம் பார்த்தார். ‘முழு மனதுடன்’ என்ற வரியை விட்டுவிட்டு மற்றதை எழுதினார். எழுதிப் படித்தால் பல் விழுந்த வாய்போல அந்த இடம் மட்டும் தெரிந்தது. கெடு முடிந்தே போயிற்று. மேடம் ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

“உங்க அக்காவைத்தானே பார்க்கணும், புலியையா பார்க்கப் போறீங்க?” என்றாள் மனைவி.

“புலின்னா ஓடிடலாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார். சலவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், நீளமான கூடம். பெரிய இயந்திரங்கள் இரண்டு நின்றிருந்தன. மூன்றாவது மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சோப்பு வாசனையும் வெந்த துணி வாசனையும் கலந்து வந்தது. உலர்ந்த படுக்கை விரிப்புகள் மேசையில் மலையாகக் கிடந்தன. அக்கா தனியாக நின்று ஒரு விரிப்பை மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, முன்தலை முழுக்க நரை.

நிமிர்ந்தாள். “வாங்க” என்றாள்.

அந்த ‘ங்க’ அவரை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டது. ‘வாடா எருமை’ என்று திட்டியிருந்தால் உள்ளே ஓடியிருப்பார்.

“சும்மாதான் வந்தேன்க்கா.”

“சும்மா வர்ற ஆளா நீங்க? அந்த முனையைப் பிடிங்க. கூட இருக்கிற பொண்ணு இன்னைக்கு லீவு. ஒத்தை ஆளா மடிச்சா தரையில புரளும்.”

ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்தார்கள். இழுத்து உதறி, பாதியாக மடித்து, எதிரும் புதிருமாக நடந்துவந்து, அவர் முனையை அவள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பவும் பின்னால் போக வேண்டும். கிட்ட வரும்போது இருவருமே துணியைத்தான் பார்த்தார்கள். ஆறு விரிப்பு முடியும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே வாய் கொடுக்கிறவர்!

“காலேஜ்ல படிக்கிறீங்களாமே. உங்க வீட்டம்மா சொன்னாங்க.”

“ஆமாக்கா. அதுல ஒரு கட்டுரை. அதுக்காகத்தான்…” பையிலிருந்து நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். “அந்தப் பத்திரம்க்கா.”

அவள் அதைத் தொடவில்லை. அடுத்த விரிப்பை உதறினாள். “பிடிங்க.”

பிடித்தார்.

“ஒரே ஒரு கேள்விதான்க்கா. இதுல முழு மனதுடன்னு ஒரு வரி இருக்கு. நீ அன்னைக்கு முழு மனசோடதான் கையெழுத்துப் போட்டியா?”

இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. கூடத்தில் சட்டென்று சத்தமே இல்லை. அக்கா விரிப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு எனக்கு முன்னாடி மூணு பேரு அந்த பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. ஞாபகம் இருக்கா?”

“இல்லக்கா.”

“எனக்கு இருக்கு. மூணு பேர்கிட்டயும் பேனாவைக் கீழ வச்சிட்டு, மூஞ்சியப் பார்த்து, ‘சம்மதமா?’ன்னு கேட்டீங்க. ஊரு பேரு தெரியாதவங்ககிட்ட. என் முறை வந்துச்சு. ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கா’ன்னு சொல்லிட்டு ரயில் போற மாதிரி படிச்சீங்க. அந்த வரி வந்தப்ப இருமினீங்க.”

“சளி பிடிச்சிருந்திருக்கும்க்கா.”

“அந்த மூணு பேருக்குப் படிச்சப்ப வராத சளி.”

இருமியது நினைவு வந்தது. அந்த ஒரு வரியை வாயால் சொல்ல வராமல், இருமலை வைத்து மூடியது நன்றாகவே நினைவு வந்தது.

“வேணும்னா அதை ரத்து பண்ணிட்டு, உன் பாகத்தை உன் பேருக்கே வேற பத்திரம் எழுதிடலாம்க்கா. நானே எழுதறேன்.”

“இன்னொரு பத்திரமா? அதுலயும் அதே வரியைப் போடுவீங்களே.” சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. “நான் அந்த வீட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? எனக்குன்னு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் இருக்கு. உனக்குப் பொண்டாட்டி, புள்ளை. ‘அக்கா, அந்த வீடு எனக்கு வேணும்’னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா முழு மனசோடயே போட்டிருப்பேன்டா.”

டா.

பத்தொன்பது வருஷம் கழித்து அந்த ஓரெழுத்து அவர் காதில் விழுந்தது. இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று விரிப்பின் முனையைப் பிடித்தபடி நின்றார். அவள் அதற்குள் குனிந்து அடுத்ததை எடுத்துவிட்டாள்.

“இதை நான் எழுதிக்கவாக்கா?” என்று கேட்டார்.

“எழுதிக்கோங்க. இப்பவாவது கேட்டு எழுதுறீங்களே.”

ங்க திரும்பி வந்துவிட்டது. மீதி விரிப்புகளையும் மடித்துக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வாசல்வரை வந்தாள். “பார்த்துப் போங்க” என்றாள். அவர் திரும்பிப் பார்த்தபோது மடித்த விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே கட்டுரையை முடித்தார். நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: ‘பத்திரம் எழுதிக்கொடுத்தவர், பத்திரம் எழுதியவரிடம் நேரில் கூறியது.’ அடுத்த நான்கு குறிப்புகளும் ‘மேலது’. ஆராய்ச்சியில் மேற்படிக்கு மேலது என்று பெயர். பாடத்தில் அது வந்த அன்று, ‘நம்ம ஆளு இங்கயும் வந்துட்டான்’ என்று குதித்தவர்தான். இப்போது அந்த நான்கு ‘மேலது’வையும் எழுதக் கை கூசியது. ஒவ்வொரு தடவையும் அதே அக்கா, அதே கூடம், அதே பதில். முடிவுரையில் ஒரு வாக்கியம்தான் எழுதினார்: ‘முழு மனதுடன் என்னும் சொல்லுக்கு இப்பத்திரத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை, கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.’

மாடிப்படிக்குக் கீழே தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வரி இல்லாத பத்திரத்தை யாரும் வாங்க மாட்டார்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் முன்பு போல ஒரு ‘சம்மதமா’வோடு விடுவதில்லை. அந்த இடம் வந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு, கையெழுத்துப் போடுகிறவரை மட்டும் தனியாகப் படிக்கட்டின் அந்தப் பக்கம் கூட்டிப்போய், “யாருக்கும் பயப்படாம சொல்லுங்க, உங்களுக்கு உண்மையிலேயே சம்மதம்தானா?” என்று கேட்கிறார். போன மாதம் ஓர் அம்மாள் அழுதுவிட்டாள். கூட வந்த மகன், “ஏன்யா, பத்திரம் எழுதுவியா, பஞ்சாயத்து பண்ணுவியா?” என்று கத்திவிட்டு எதிரே இருந்த இன்னொரு பத்திர எழுத்தரின் மேசைக்குப் போய்விட்டான். எதிர் மேசைக்காரர், “மேற்படியாருக்குப் படிச்சுப் படிச்சு மேற்படி எடத்துல கோளாறு” என்று தலையைத் தட்டிக் காட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேற்படியாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, தலையில் விழுந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டார்.

கட்டுரை திரும்பி வந்தது. பாஸ். நல்ல மதிப்பெண்தான். வீட்டில் மனைவி வாங்கிப் புரட்டினாள்.

“நல்ல ஆய்வுன்னு போட்டிருக்காங்களே! கடைசிப் பக்கத்துல சிவப்பு மையில என்னமோ இருக்கே, அது என்ன? எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியல.”

அவர் வாங்கிப் பார்த்தார். கடைசி ‘மேலது’ குறிப்புக்குப் பக்கத்தில் மேடம் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: ‘இந்த நேர்காணலை இன்னும் முன்பே எடுத்திருக்கலாம்.’

“லேட்டாம்” என்றார்.

“ஒரு வாரம்தானே லேட்டு? அதுக்குப் போயி சிவப்பு மையா?”

மேற்படியார் தாளை நான்காக மடித்தார். முனையோடு முனை சரியாக வரவில்லை. பிரித்துத் திரும்பவும் மடித்தார்.